பதினாறாயிரத்தில் ஒரு மின்னஞ்சல்

மாணவர்களே, கணினியில் ஒரு செயலி திடீரென்று மூடிக்கொண்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? மறுபடியும் திறப்பீர்கள். மறுபடியும் மூடிக்கொண்டால் கணினியை அணைத்துவிட்டு மீண்டும் முடுக்குவீர்கள். அப்போதும் சரியாகவில்லை என்றால் செயலியை நீக்கிவிட்டுப் புதிதாகப் பதிவிறக்கம் செய்வீர்கள். நானும் பல காலம் அப்படித்தான் செய்துவந்தேன். சில வேளைகளில் சரியாகிவிடும். ஆனால், ஏன் கெட்டது, ஏன் சரியானது என்பது கடைசிவரை தெரியாது. அறிவியல் ஆசிரியை ஒருவர் இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டும்.

அந்தப் பழக்கத்தை மாற்றியது ஒரு புதன்கிழமை வந்த புலனச் செய்தி. அனுப்பியவன் எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவன். "டீச்சர், உபகாரச் சம்பளத்துக்கு மனு செய்கிறேன். 2017இல் நம் பள்ளிக் குழு புத்தாக்கப் போட்டியில் கலந்துகொண்டதற்கு ஓர் உறுதிக் கடிதம் வந்ததே, அது கிடைக்குமா? வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்" என்று கேட்டிருந்தான். அச்சடித்த படி எங்கும் இல்லை. அறிவியல் கழகத்தின் மின்னஞ்சல் சேமிப்பில் மட்டும் இருக்க வேண்டும். அதில் ஏறக்குறைய 16,000 மின்னஞ்சல்கள்.

சேமிப்பை அப்போதுதான் லினக்ஸ் இயங்குதளம் உள்ள பழைய மடிக்கணினி ஒன்றுக்கு மாற்றியிருந்தேன். தேடுவதற்குமுன் சொல்லடைவு உருவாக்கும் நிரலை இயக்க வேண்டும். இயக்கினேன். சில நிமிடங்கள் ஓடியது. பிறகு 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று ஒரே வரியைக் காட்டிவிட்டு விழுந்துவிட்டது. மறுபடியும் இயக்கினேன். மறுபடியும் விழுந்தது.

சொல்லடைவு எதற்கு?

உங்கள் பாடநூலின் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். 'ஒளிச்சேர்க்கை' என்றால் எந்தெந்தப் பக்கம் என்று ஒரு பட்டியல் இருக்கும். நூலில் பக்கத்தைத் திறந்தால் சொற்கள் கிடைக்கும். பட்டியலில் சொல்லைப் பார்த்தால் பக்கங்கள் கிடைக்கும். மின்னஞ்சல் அடைவு நிரலும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஒவ்வொரு மின்னஞ்சலையும் ஒருமுறை படித்து, ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த மின்னஞ்சலில் வருகிறது என்று எழுதி வைத்துக்கொள்கிறது. அதன்பிறகு ஒரு சொல்லைத் தேட 16,000 கோப்புகளையும் திறக்கத் தேவையில்லை. பட்டியலைப் பார்த்தால் போதும். லினக்ஸில் 'நாட்மச்', 'மியூ' போன்ற நிரல்கள் இப்படிப்பட்டவை. இவ்விரண்டும் 'ஸாபியன்' எனும் தேடல் நூலகத்தைக் கொண்டு அடைவை உருவாக்குகின்றன.

அடைவு இல்லாமல் நேரடியாகக் கோப்புகளுக்குள் தேடினால் என்ன? ஆங்கிலக் கடிதங்கள் என்றால் பெரும்பாலும் கிடைத்துவிடும். தமிழ்க் கடிதங்கள் பல வேளைகளில் கிடைக்காது. மின்னஞ்சல் முதலில் ஆங்கில எழுத்துகளுக்காக மட்டுமே உருவான முறை. ஆகவே, தமிழில் எழுதியதை அனுப்பும்போது அது 'பேஸ்64' எனும் முறையில் ஆங்கில எழுத்து, எண்களின் கலவையாக மாற்றப்படுவது வழக்கம். கோப்பைத் திறந்தால் புரியாத எழுத்துக் குவியல்தான் தெரியும். 'புத்தாக்கம்' என்ற சொல் அங்கே கண்ணில் படாது. அந்தக் குவியலை மறுபடியும் தமிழாக மாற்றிப் படிப்பதும் அடைவு நிரலின் வேலை.

முதல் விதி: மூலத்தைத் தொடாதே

எனக்கு உதவியாகப் படிவம் 4 மாணவி ஒருத்தி வந்தாள். "பழைய மின்னஞ்சல்களையெல்லாம் அழித்துவிட்டால் நிரல் ஓடிவிடும், டீச்சர்" என்றாள். ஓடிவிடலாம். ஆனால், அந்தப் பழையவற்றில்தானே நமக்கு வேண்டிய கடிதம் இருக்கிறது?

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். அடைவு அழிந்தால் மறுபடியும் உருவாக்கலாம். மின்னஞ்சல் அழிந்தால் உருவாக்க முடியாது. ஆகவே, முதலில் சேமிப்பு முழுவதையும் வெளிவட்டு ஒன்றில் படியெடுத்தோம். பிறகு கணினியில் 'சோதனை' என்று ஒரு கோப்புறை திறந்து, அங்கே இன்னொரு படி வைத்தோம். எல்லாச் சோதனைகளும் அந்தப் படியில் மட்டுமே.

நிரல் விட்டுச்செல்லும் எண்

லினக்ஸில் ஒவ்வொரு நிரலும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச்செல்கிறது. முனையத்தில் 'எக்கோ' கட்டளையுடன் $? என்ற இரு குறிகளைத் தட்டினால் அந்த எண் தெரியும். 0 என்றால் நிரல் நல்லபடியாக முடிந்தது. 128ஐவிடப் பெரிய எண் வந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு சமிக்ஞையால் அது நிறுத்தப்பட்டது என்று பொருள். வந்த எண்ணிலிருந்து 128ஐக் கழித்தால் சமிக்ஞையின் எண் கிடைக்கும்.

137 வந்தால் 137 – 128 = 9. நிரலை வெளியிலிருந்து யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். நினைவகம் தீர்ந்துபோகும்போது இயங்குதளமே ஒரு நிரலை இப்படி நிறுத்துவதுண்டு. அப்போது இயங்குதளத்தின் பதிவேட்டிலும் அதைப் பற்றி ஒரு வரி இருக்கும்.

134 வந்தால் சமிக்ஞை 6. ஏதோ சரியில்லை என்று உணர்ந்து நிரல் தானே வேலையைக் கைவிட்டிருக்கிறது.

139 வந்தால் சமிக்ஞை 11. நிரல் தனக்கு ஒதுக்கப்படாத நினைவகப் பகுதிக்குள் கைவைத்திருக்கிறது. இயங்குதளம் உடனே அதைத் தடுத்து நிறுத்திவிட்டது.

எங்களுக்குக் கிடைத்தது 139. நினைவகப் பற்றாக்குறை அல்ல, நிரலின் ஏதோ ஒரு கணக்கு தவறுகிறது என்று இதிலிருந்து ஊகித்தோம். ஒரே எண் எங்கள் தேடும் இடத்தைப் பெரிதும் குறைத்துவிட்டது. சந்தேகம் இருக்கக்கூடாது என்று வட்டில் இடம் இருக்கிறதா என்றும் பார்த்தோம். வேண்டிய அளவு இருந்தது.

அடுத்து மாணவி ஒரு நல்ல கேள்வி கேட்டாள். "நிரல் பாதியில் விழுந்ததால் அடைவும் பாதி எழுதியபடி கெட்டுப்போயிருக்கும். இப்போது அந்தக் கெட்ட அடைவே நிரலைத் தள்ளிவிடுகிறதோ?"

அறிவியல் பாடத்தில் மாறிகளைப் பற்றிப் படித்திருக்கிறீர்கள். ஒரு சோதனையில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மற்றவை மாறாமல் இருக்க வேண்டும். பழைய அடைவை அழிக்காமல் வேறு பெயரில் ஒதுக்கி வைத்துவிட்டு, காலியான அடைவிலிருந்து தொடங்கினோம். நிரல் மறுபடியும் விழுந்தது. ஆக, குற்றம் அடைவில் இல்லை. அதன்பிறகு எல்லாச் சோதனைகளையும் காலியான அடைவிலிருந்தே தொடங்கினோம். எஞ்சிய சந்தேகம் மின்னஞ்சல்களின்மீதுதான்.

பாதி பாதியாக

16,000 மின்னஞ்சல்களில் எது நிரலைத் தள்ளுகிறது? ஒவ்வொன்றாகச் சோதித்தால் வெள்ளிக்கிழமை வந்து போய்விடும். ஆனால், இரண்டாகப் பிரித்தால்?

எங்கள் சேமிப்பு 'மெயில்டிர்' என்ற முறையில் இருந்தது. அதில் ஒவ்வொரு மின்னஞ்சலும் தனிக் கோப்பு. ஆகவே, பிரிப்பது எளிது. முதல் 8,000ஐ மட்டும் வைத்து நிரலை இயக்கினோம். ஒழுங்காக ஓடி முடிந்தது. அப்படியானால் குற்றவாளி அடுத்த 8,000இல் இருக்க வேண்டும். அதை மட்டும் இயக்கினோம். விழுந்தது. இப்போது அந்த 8,000ஐ இரண்டாக்கினோம்.

கணக்கைப் பாருங்கள்: 16,000 – 8,000 – 4,000 – 2,000 – 1,000 – 500 – 250 – 125 – 63 – 32 – 16 – 8 – 4 – 2 – 1. பதினான்கே முறை பாதியாக்கினால் ஒரே ஒரு மின்னஞ்சல் மிஞ்சும். 2ஐப் பதினான்கு முறை பெருக்கினால் 16,384 வருவதுதான் காரணம். சேமிப்பு இருமடங்காகி 32,000 ஆனாலும் கூடுதலாக ஒரே ஒரு முறைதான் பாதியாக்க வேண்டியிருக்கும்.

இந்த முறையில் ஓர் எச்சரிக்கை. நிரல் ஒழுங்காக ஓடும் பாதியைக் கண்டவுடன், மறுபாதியில்தான் குற்றம் என்று நம்பிவிடக்கூடாது. அந்த மறுபாதியையும் இயக்கிப் பார்க்க வேண்டும். இரண்டு பாதிகளும் தனித்தனியே ஒழுங்காக ஓடி, சேர்த்தால் மட்டும் விழுந்தால் என்ன பொருள்? குற்றம் எந்தத் தனி மின்னஞ்சலிலும் இல்லை. மொத்த அளவிலோ, இரண்டு மின்னஞ்சல்கள் சேர்வதிலோ இருக்கலாம். அப்போது வேறு வழியில் தேட வேண்டும். எங்களுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு பாதி ஓடியது, ஒரு பாதி விழுந்தது.

வியாழக்கிழமை பள்ளி முடிந்தபின் தொடங்கினோம். மாணவியின் அப்பா அவளை அழைத்துப்போக வந்தபோது 63 மிஞ்சியிருந்தன. மீதியை வீட்டுக்குக் கொண்டுபோய் நான் தொடர்ந்தேன். இரவு பத்து மணிக்குள் ஒரே ஒரு கோப்பு கையில் இருந்தது. அதை மட்டும் இயக்கினால் நிரல் உடனே விழுந்தது. அதை மட்டும் வேறு கோப்புறைக்கு ஒதுக்கிவிட்டு மற்ற அனைத்தையும் இயக்கினேன். கடைசிவரை ஓடி முடிந்தது, எண் 0.

'புத்தாக்கம்' என்று தட்டினேன். கண் இமைக்கும் நேரத்தில் பட்டியல் வந்தது. அதில் 2017இன் உறுதிக் கடிதமும் இருந்தது. அன்றிரவே அவனுக்கு அனுப்பிவைத்தேன்.

அந்த ஒரு மின்னஞ்சலில் என்ன இருந்தது?

அவசர வேலை முடிந்தது. ஆனால், கேள்வி முடியவில்லை. சனிக்கிழமை அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தோம். வைரஸ் இல்லை, பெரிய இணைப்பும் இல்லை. ஒரு தானியங்கி நிரல் அனுப்பிய சாதாரண அழைப்பு. தலைப்பு: 'அறிவியல் விழா அழைப்பு'.

லினக்ஸில் 'ஜிடிபி' என்ற பிழைதேடும் கருவி உண்டு. நிரல் விழும் நொடியில் அது எந்தப் பகுதியை இயக்கிக்கொண்டிருந்தது என்பதை அது காட்டும். அதில் தெரிந்த பகுதியின் பெயர், மின்னஞ்சலின் தலைப்பை எழுத்துகளாக மாற்றும் பகுதி. ஆக, இந்த மூன்று தமிழ்ச் சொற்களில்தான் ஏதோ இருக்கிறது.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். நமக்கு 'அறிவியல்' ஐந்து எழுத்து. கணினிக்கு அது எட்டுக் குறியீடு: அ, ற, இகரக் கொக்கி, வ, இகரக் கொக்கி, ய, ல, புள்ளி. இன்று பெரும்பாலும் பயன்படும் 'யூடிஎஃப்-8' முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் தேவை. இடைவெளிக்கு 1 பைட் போதும்.

அறிவியல் – 8 குறியீடு, 24 பைட்
இடைவெளி – 1 பைட்
விழா – 4 குறியீடு, 12 பைட்
இடைவெளி – 1 பைட்
அழைப்பு – 7 குறியீடு, 21 பைட்
மொத்தம் 59 பைட்.

மின்னஞ்சல் தலைப்பில் ஆங்கிலம் அல்லாத எழுத்துகளை எப்படி அனுப்புவது என்பதற்கு 1996இல் வகுக்கப்பட்ட விதிமுறை ஒன்று உண்டு. அதன்படி, குறியாக்கிய ஒவ்வொரு துண்டும் 75 எழுத்துகளைத் தாண்டக்கூடாது. தொடக்கக் குறிக்கும் முடிவுக் குறிக்கும் 12 போனால் மீதி 63. பேஸ்64 முறையில் 3 பைட் 4 எழுத்தாகிறது. எனவே, ஒரு துண்டில் 60 எழுத்து, அதாவது 45 பைட்தான் அடங்கும். நம் தலைப்போ 59 பைட். இரண்டு துண்டாக்கியே ஆக வேண்டும்.

எங்கே வெட்டுவது? எழுத்தின் நடுவில் வெட்டக்கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. ஆனால், அந்தத் தானியங்கி நிரல் கண்ணை மூடிக்கொண்டு 45ஆவது பைட்டில் வெட்டியிருந்தது. எண்ணிப் பாருங்கள். 24 + 1 + 12 + 1 = 38. 'அ' சேர்த்தால் 41. 'ழ' சேர்த்தால் 44. அடுத்து ஐகாரக் கொம்பு. அதன் 3 பைட்களில் முதல் பைட் முதல் துண்டிலும், மற்ற இரண்டும் இரண்டாம் துண்டிலும் போய்விட்டன. தலைப்பில் இடைவெளியே இல்லாதிருந்தால் 45 மூன்றால் வகுபடும் எண் என்பதால் வெட்டு எழுத்தின் எல்லையிலேயே விழுந்திருக்கும். இரண்டு சிறு இடைவெளிகள் செய்த வேலை இது!

கோட்டைத் தாண்டிய கால்

சரி, அரை எழுத்து வந்தால் நிரல் ஏன் விழ வேண்டும்?

தரையில் ஒரு கோடு போட்டிருக்கிறது. ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு அதை நோக்கி நடக்கிறார். ஒவ்வோர் எட்டுக்குப் பிறகும், "நான் கோட்டின்மேல் நிற்கிறேனா?" என்று கேட்கிறார். ஆம் என்றால் நின்றுவிடுவார். இல்லை என்றால் அடுத்த எட்டு. கடைசி எட்டில் அவர் கோட்டின்மேல் நிற்காமல் அதைத் தாண்டிக் காலை வைத்துவிட்டால்? "கோட்டின்மேல் நிற்கிறேனா?" இல்லை. அடுத்த எட்டு. மறுபடியும் இல்லை. அவர் நிற்கவே மாட்டார், சுவரில் முட்டும்வரை.

நிரலும் இப்படித்தான் நடந்தது. தமிழ்க் குறியீட்டின் முதல் பைட்டைப் பார்த்தவுடன், இது 3 பைட் எழுத்து என்று அறிந்து 3 பைட் தள்ளிக் காலை வைக்கும். பிறகு, "இருக்கும் இடம் = முடிவு?" என்று கேட்கும். முழு எழுத்துகள் மட்டுமே இருக்கும்போது முடிவில் சரியாக வந்து நிற்கும். இங்கே கடைசியில் இருந்தது 1 பைட். நிரல் 3 பைட் தாண்டியது. கோட்டுக்கு 2 பைட் அப்பால் போய்விட்டது. அதன்பிறகு சமம் என்ற விடை வரவே இல்லை. நினைவகத்தில் ஓடிக்கொண்டே போய், தனக்கு உரிமையில்லாத பகுதியைத் தொட்டது. அதுதான் சமிக்ஞை 11, அதுதான் 139.

மருந்து என்ன? '=' என்று கேட்டதற்குப் பதிலாக '≥' என்று கேட்க வேண்டும். "கோட்டின்மேல் நிற்கிறேனா, அல்லது தாண்டிவிட்டேனா?" கணிதப் பாடத்தில் நாம் அலட்சியமாக எழுதும் ஒரு குறிதான். ஓடுவதை நிறுத்த அது போதும். ஆனால், கடைசி எழுத்துக்கு வேண்டிய பைட்கள் முழுமையாக இருக்கின்றனவா என்று படிப்பதற்குமுன் பார்த்துக்கொள்வது இன்னும் பாதுகாப்பானது.

ஊகம் உண்மைதானா?

இதுவரை சொன்னது எங்கள் கருதுகோள். கருதுகோள் சரி என்றால் அதிலிருந்து சில முடிவுகளை முன்கூட்டியே சொல்ல முடிய வேண்டும். இரண்டு புதிய மின்னஞ்சல் கோப்புகளை உருவாக்கினோம். இரண்டிலும் உள்ளே ஒன்றுமில்லை, அதே தலைப்பு மட்டும். முதலாவதில் 45ஆவது பைட்டில் வெட்டு. இரண்டாவதில் சொற்களுக்கு இடையே வெட்டு. முதலாவது நிரலைத் தள்ள வேண்டும், இரண்டாவது தள்ளக்கூடாது என்று தாளில் எழுதிவைத்துவிட்டு இயக்கினோம். அப்படியே நடந்தது. மாணவி கைதட்டினாள்.

அந்தக் காலியான கோப்புக்கு இன்னொரு பயனும் இருந்தது. பிழையை நிரலின் உருவாக்குநர்களுக்குத் தெரிவிக்க வேண்டுமே! உண்மையான மின்னஞ்சலை அனுப்பினால் அதில் பிறருடைய முகவரி, தொலைபேசி எண் எல்லாம் போய்விடும். காலியான கோப்பில் அப்படி எதுவும் இல்லை. நாங்கள் செய்தது என்ன, எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன என்று மூன்று பத்திகள் எழுதி, அந்தக் கோப்பையும் இணைத்து அனுப்பினோம். அடுத்த பதிப்பில் பிழை திருத்தப்பட்டிருந்தது. ஒவ்வொரு பதிப்பையும் வெளியிடுமுன் செய்யும் சோதனைகளில் எங்கள் கோப்பையும் சேர்த்துக்கொண்டார்கள். 'அறிவியல் விழா அழைப்பு' என்ற தமிழ்த் தலைப்பு இப்போது அங்கே ஒரு காவலாளி.

புதன்கிழமை அன்றே நிரலை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதே இடத்தில் மறுபடியும் விழுந்திருக்கும். பழைய மின்னஞ்சல்களை அழித்திருந்தால் நிரல் ஓடியிருக்கும்; கடிதம் போயிருக்கும். உங்கள் கணினியிலோ கைப்பேசியிலோ அடுத்த முறை ஏதாவது விழுந்தால், அழிப்பதற்குமுன் படியெடுங்கள். அது என்ன சொல்லிவிட்டு விழுந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தேட வேண்டிய இடம் பெரிதாக இருந்தால் பாதியாக்குங்கள்.

நீங்களும் செய்து பாருங்கள்

'தமிழ் மொழி வாரம்' என்ற தலைப்புக்கு எத்தனை பைட்? அது ஒரே துண்டில் அடங்குமா? 'தமிழ் மொழி வாரம் போட்டிகள்' என்று நீட்டி, 45ஆவது பைட்டில் வெட்டினால் அந்தப் பழைய நிரல் விழுமா? ('மொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகக் கொள்க.)

விடை: 14 குறியீடு, 2 இடைவெளி, மொத்தம் 44 பைட். ஒரே துண்டில் அடங்கும். நீட்டிய தலைப்பில் 45ஆவது பைட், 'வாரம்' என்ற சொல்லுக்குப் பின்வரும் இடைவெளி. வெட்டு அதன் பின்னால் விழுகிறது. எந்த எழுத்தும் உடையவில்லை, நிரலும் விழாது. பதினாறாயிரத்தில் ஒரு மின்னஞ்சல் மட்டும் ஏன் சிக்கியது என்பது இப்போது புரிகிறதா?